விரலுக்கு அடியில் போன தீவுகள்

ஸ்ரீ விஜயபுரத்தில் கல்லூரி மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் பெயர் மாறியது. அழைப்பிதழில் ஸ்ரீ விஜயபுரம் என்றுதான் அச்சிட்டிருக்கிறீர்கள். விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றி வந்த ஆட்டோக்காரரோ வழி நெடுக போர்ட் பிளேயர் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். நானும் இரண்டையும் கலந்துதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்காக வேலையின்மை பற்றி இந்திய வரைபடம் ஒன்று போட்டேன். மாநிலவாரியாக நிறம். வேலையில்லாதவர் விகிதம் கூடக் கூட மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு கறுத்துப் போகும். பக்கத்தில் இடம் போதவில்லை. வலது ஓரம் வெறும் கடல்தானே என்று வங்காள விரிகுடாவின் மேல் ஒரு விளம்பரக் கட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அச்சுக்குப் போகும் முன் நானும் பார்த்தேன், கண்ணில் படவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தமானின் டிக்ளிபூரிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருந்தார்: "ஐயா, தங்கள் படத்தில் எங்கள் தலைமேல் பிரஷர் குக்கர் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வேலை உண்டா இல்லையா என்பதை மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டுமா?"

அந்த அட்டை இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இன்றைய பேச்சு அதற்குத் தாமதமாக எழுதும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குக்கருக்கு அடியில் என்ன இருந்தது? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரலிலிருந்து ஒரு தொழிலாளர் கணக்கெடுப்பை விடாமல் நடத்துகிறது. பி.எல்.எஃப்.எஸ். என்று செய்திகளில் அடிபடுவது அதுதான். 2023-24 அறிக்கையில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் வேலையின்மை விகிதம் இந்தியா முழுமைக்கும் 3.2 சதவீதம். கேரளத்தில் 7.2. கோவாவில் 8.5. அந்தமான் நிகோபாரில் 11.8. லட்சத்தீவில் 11.9. கவனியுங்கள், பட்டியலின் முதல் இரண்டு இடமும் தீவுகளுக்கு. நாட்டிலேயே கறுத்த சிவப்பு பூச வேண்டிய இரண்டு இடங்கள், நாட்டின் வரைபடத்தில் நிறம் பூசவே இடமில்லாத இரண்டு இடங்கள்.

"அதெல்லாம் காகிதக் காலம் சார், இப்போ மேப் எல்லாம் போனில் இருக்கு, தொட்டால் எண் வருது" என்று முன்வரிசைத் தம்பி ஒருவர் முணுமுணுக்கிறார். சரி, எல்லோரும் போனை எடுங்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

சாதாரணக் கைப்பேசித் திரையின் அகலம், வலைப்பக்கம் செய்பவர்களின் கணக்கில் சுமார் 360 புள்ளி. இந்தியா மேற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 29 பாகை. முழு இந்தியாவையும் திரையில் அடைத்தால் ஒரு புள்ளி எட்டரை கிலோமீட்டர்; பரப்பில் 72 சதுர கிலோமீட்டர். லட்சத்தீவின் மொத்த நிலமும் 32 சதுர கிலோமீட்டர்தான். ஒரு யூனியன் பிரதேசம் முழுவதையும் ஒரே புள்ளிக்குள் போட்டு மூடினாலும் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். நம் கார் நிகோபார் 127 சதுர கிலோமீட்டர், இரண்டு புள்ளிகூடத் தேறாது. இப்போது விரலுக்கு வருவோம். தொடும் பொத்தான் குறைந்தது 48 புள்ளி அகலமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் விரல் தவறிவிடும் என்பது செயலி செய்பவர்களின் கைக்கணக்கு. நம் படத்தில் 48 புள்ளி என்றால் 400 கிலோமீட்டர். போர்ட் பிளேயர் மேல் விரலை வையுங்கள். வடக்கே டிக்ளிபூர், தெற்கே ஹட் பே எல்லாமே விரலுக்கு அடியில் போய்விட்டது. குக்கருக்குப் பதில் உங்கள் சொந்த விரல், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கலாமே என்பீர்கள். பெரிதாக்கலாம். இங்கே பார்க்க ஏதோ இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர் பெரிதாக்குவார். திருச்சியில் உட்கார்ந்திருப்பவர் எதற்கு வங்காள விரிகுடாவை விரித்துப் பார்க்கப் போகிறார்?

இந்தக் கோபம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்று ஒரு தீவுக் கூட்டம். வரைபடம் போடுகிறவர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து, தங்களுக்கு வசதியான ஒரு மூலையில் கட்டம் கட்டி வைப்பது வழக்கம். தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் புகார் செய்தார்கள். கடைசியில் 2018இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தீவுகள் சட்டம் ஒன்றை நிறைவேற்றியபோது, அரசு அமைப்புகள் வெளியிடும் வரைபடங்களில் ஷெட்லாந்தை அதன் உண்மையான இடத்தில், உண்மையான அளவில் காட்ட வேண்டும் என்று ஒரு பிரிவே வைத்தார்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணம் எழுதித் தர வேண்டும். படம் முழுக்கக் கடலாகிவிடும் என்று வரைபடக்காரர்கள் அலுத்துக்கொண்டார்கள். கடல் இருக்கத்தானே செய்கிறது என்றார்கள் தீவுக்காரர்கள்.

எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கும், ஆனால் நம் காரியத்துக்கு அது பாதி மருந்துதான். வேலைவாய்ப்பு எண்களுக்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி வேறு. முதல் திரையில் நாட்டின் உருவத்தையே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் ஒரே அளவுச் சதுரம். ராஜஸ்தானுக்கும் ஒரு சதுரம், லட்சத்தீவுக்கும் ஒரு சதுரம். கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல் ஏறத்தாழ அதனதன் திசையில் அடுக்கிவிடுங்கள். உத்தரப் பிரதேசத்துக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். சதுரத்தைத் தொட்ட பிறகு உள்ளே உண்மையான நிலப்படம் திறக்கட்டும், கடலோடு சேர்த்து.

உள்ளே போனதும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது.

அந்தமான் நிகோபாரில் மூன்று மாவட்டம். தெற்கு அந்தமான் மாவட்டத்துக்கு ஒரு விகிதம் கிடைத்தது, ஆரஞ்சு நிறம் பூசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆரஞ்சு எங்கெல்லாம் போய் ஒட்டுகிறது தெரியுமா? அபர்தீன் பஜாரில் ஒட்டுகிறது. ஹோட்டலும் முக்குளிப்புப் படகுமாக இருக்கும் ஸ்வராஜ் தீவில் ஒட்டுகிறது. செம்பனைத் தோட்டம் இருக்கும் ஹட் பேயில் ஒட்டுகிறது, ஏனென்றால் லிட்டில் அந்தமானும் இந்த மாவட்டம்தான். அப்படியே வட சென்டினல் தீவிலும் ஒட்டுகிறது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் கீழ் வெளியார் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாத தீவு அது. அங்கே இருப்பவர்களிடம் எந்தக் கணக்கெடுப்பாளரும் போய், போன வாரம் வேலை தேடினீர்களா என்று கேட்டதில்லை. ஆனாலும் படத்தில் அவர்களுக்கும் ஒரு வேலையின்மை விகிதம் கொடுத்தாகிவிட்டது! ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்கும் இதே கதி. மாவட்ட எல்லைக்குள் பெயிண்ட் வாளியைக் கவிழ்க்கும் இந்தப் பழக்கத்தில் மனிதர் இருக்கும் இடம், மரம் இருக்கும் இடம் எல்லாம் ஒன்று.

எனவே நிலத்துக்கு நிறம் பூசாமல் ஆளுக்குப் புள்ளி வைக்கலாம். 2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. நூறு பேருக்கு ஒரு புள்ளி என்றால் சுமார் 3,800 புள்ளி. அதில் 2,381 புள்ளி தெற்கு அந்தமானுக்கு, பெரும்பாலும் இந்த நகரத்தையும் கராச்சராமா, பாத்துபஸ்தி பக்கத்தையும் சுற்றி மொய்த்துக்கொண்டிருக்கும். வடக்கு மற்றும் மத்திய அந்தமானுக்கு 1,056. நிகோபார் மாவட்டத்துக்கு 368தான். 8,249 சதுர கிலோமீட்டர் நிலத்தில் நிகோபாருக்கு 1,841, அதாவது நூற்றுக்கு 22 பங்கு. மக்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிறம் பூசிய படம் இதை அப்படியே தலைகீழாகச் சொல்லும்.

இனி ஒரு சங்கடமான விஷயம். பி.எல்.எஃப்.எஸ். அறிக்கைகளின் முன்பக்கத்தில், கணக்கெடுப்பு எங்கெங்கே நடந்தது என்று சொல்லும் இடத்தில் ஒரு வரி வருடந்தோறும் வந்தது. இந்திய ஒன்றியம் முழுவதும் நடந்தது, அந்தமான் நிகோபாரில் ஆண்டு முழுவதும் சென்றடைய மிகவும் கடினமாக இருக்கும் கிராமங்களைத் தவிர, என்று. ஒரு நாட்டின் கணக்கில் 'தவிர' என்ற சொல்லோடு சேர்ந்து வருவது நம் ஊர்ப் பெயர். படைவீரர் குடியிருப்பு முகாம்களையும் இந்த வகைக் கணக்கெடுப்புகள் சேர்ப்பதில்லை. முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் 2001இலிருந்து இங்கே இயங்குகிறது. இவ்வளவு சிறிய மக்கள்தொகையில் இந்த விடுபடல்கள் சின்ன விஷயமா?

நான் கணக்கெடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. படகு போகாத மாதத்தில் போக முடியாதுதான். ஆனால் அந்த வரி, வரைபடத்துக்கு வந்து சேரும்போது காணாமல் போய்விடுகிறது. அறிக்கையின் முன்பக்கத்தில் இருக்கும், படத்தில் இருக்காது. நான் கேட்பது எளிது: எண்ணாத இடத்தைச் சாய்கோடு போட்டுக் காட்டுங்கள். தொட்டால் பூஜ்யம் வரக் கூடாது, மாவட்டச் சராசரியும் வரக் கூடாது. "இங்கே எண்ணவில்லை" என்று இரண்டு சொல் வரட்டும்.

வரைபடம் போதும், கோட்டுப் படத்துக்கு வருவோம்.

இந்தத் தீவுகளின் வேலையின்மை 2017-18இல் 15.8 சதவீதம். 2022-23இல் 9.7. மறு வருடம் 11.8. மூன்று புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் முதலில் சறுக்குமரம், கடைசியில் ஒரு ஏற்றம். பத்திரிகையில் இருந்தவன் என்பதால் தலைப்புகூட எனக்குத் தெரியும்: 'அந்தமானில் வேலையின்மை கிடுகிடு உயர்வு'. உயர்ந்ததா? சின்ன இடத்தில் எடுக்கும் மாதிரி சின்னதாகத்தான் இருக்கும். ஒரு கணக்குக்காக 400 பேரிடம் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது நான் சொல்லும் உதாரணம், அறிக்கையின் எண் அல்ல. 400 பேரில் 48 பேர் வேலையில்லை என்றால் 12 சதவீதம். அதே ஊரில் வேறு 400 பேரைப் பிடித்திருந்தால் 9 வந்திருக்கலாம், 15 வந்திருக்கலாம். புள்ளியியல் படித்த மாணவர்கள் போட்டுப் பாருங்கள், கூட்டல் கழித்தல் மூன்று புள்ளிக்கு மேல் வரும். ஒரே தெருவில் பன்னிரண்டு வீட்டை எடுத்தால் இன்னும் அகலும், பக்கத்து வீட்டுக்காரர் தொழிலும் பெரும்பாலும் நம் தொழில்தானே. இந்த அகலத்தில் 9.7க்கும் 11.8க்கும் சண்டையே இல்லை.

இதைக் காட்ட வழி இருக்கிறது. கோட்டைச் சுற்றி வெளிறிய பட்டை ஒன்று போட வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஒல்லியாக இருக்கும், அந்தமானுக்குத் தடித்த போர்வைபோல் இருக்கும். ஆசிரியர் குழுவில் இதற்கு உடனே எதிர்ப்பு வரும். "சார், படம் அழுக்கா இருக்கு, அந்தச் சாம்பல் நிறத்தை எடுத்துடுங்க" என்பார்கள். நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது கொடுப்பதில்லை.

சரி, பட்டை இவ்வளவு தடித்தால் இந்த எண்களால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் உண்டு, வேறு கேள்வி கேட்டால். 2022-23 கணக்கெடுப்பில் அந்தமானின் மொத்த வேலையின்மை 9.7 என்றேன். அதையே பட்டதாரிகளுக்கு மட்டும் பிரித்துப் பார்த்தால் 33 சதவீதம், அந்த வருடம் நாட்டிலேயே அதிகம். மூன்றில் ஒருவர். எந்த வெளிறிய பட்டையாலும் இந்த இடைவெளியை மூடி மறைக்க முடியாது. அச்சிட்ட படத்தில் ஒரு எண்ணுக்குத்தான் இடம். திரையில் 'படிப்பு' என்று ஒரு பொத்தான் வைத்தால், தொட்டவுடன் ஒரு கோடு நான்காகப் பிரிகிறது. மூன்று தாழ்ந்து கிடக்க ஒன்று மட்டும் கொடிமரம்போல் நிற்கிறது. தொட்டுப் பார்க்கும் படங்களின் பெருமை இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. படம் ஆடுகிறது, ஓடுகிறது, நிறம் மாறுகிறது என்பதெல்லாம் கல்யாண வீட்டு சீரியல் லைட்டு.

இன்னொரு பொத்தானும் வேண்டும். வேலையில் இருப்பவர் யார் என்பதற்கே இந்தக் கணக்கில் இரண்டு அளவுகோல். ஒன்று, கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தார் என்று பார்ப்பது. மற்றது, கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும் என்பது. ஆமாம், ஒரு மணி நேரம்! ஜங்லிகாட்டில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மீனவரை ஜூலையில் கேட்டால் ஒரு பதில், ஜனவரியில் கேட்டால் வேறு பதில். ஸ்வராஜ் தீவில் சுற்றுலா சீசனுக்குப் படகில் உதவிக்குப் போகும் பையன் ஒரு அளவுகோலில் வேலைக்காரன், மற்றதில் வேலையில்லாதவன். ஒரே படத்தில் இரண்டுக்கும் மாற்றிப் பார்க்கும் வசதி இருந்தால் வருடம் எங்கே உடைகிறது என்பது தெரிந்துவிடும். 2025இலிருந்து நாட்டு அளவில் மாதந்தோறும் எண் வெளியிடுகிறார்கள். தீவு அளவில் மாதக் கணக்கு வரும் நாளுக்கு நான் காத்திருக்கிறேன்.

சம்பளம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஊரில் டி.ஆர்.எம். என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். தினக்கூலி மஸ்தூர். அரசுத் துறையிலேயே வருடக் கணக்காக வேலை, கணக்கு மட்டும் நாளுக்கு நாள். இவரை வட்டப் படத்தின் எந்தத் துண்டில் போடுவது, நிரந்தரச் சம்பளக்காரரிலா, அன்றாடக் கூலியிலா? இவர்களுடைய ஊதிய வழக்கில்தான் 2023 ஆகஸ்டில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் இங்குள்ள அமர்வு, தலைமைச் செயலாளரையே இடைநீக்கம் செய்து உத்தரவிட்டதும், மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை கொடுத்ததும் நடந்தது. நாடே திரும்பிப் பார்த்த அந்த மஸ்தூர்களுக்கு எந்த வட்டப் படத்திலும் தனித் துண்டு கிடையாது.

இப்போது ஒரு படத்தை நீங்களே கையால் போடப் போகிறீர்கள். கணினி வேண்டாம், நோட்டை எடுங்கள். இடது பக்கம் ஒரு செங்குத்துக் கோடு, அது 2001. வலது பக்கம் இன்னொன்று, அது 2011. தெற்கு அந்தமான்: 2,08,471இலிருந்து 2,38,142. கோடு ஏறுகிறது. நிகோபார்: 42,068இலிருந்து 36,842. இறங்குகிறது. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி நாள், இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. வடக்கு மற்றும் மத்திய அந்தமான்: 1,05,613இலிருந்து 1,05,597. அடிமட்டம் வைத்ததுபோல் நேர்க்கோடு. பத்து வருடத்தில் மாற்றம் பதினாறு பேர்.

இந்தப் பதினாறில் கொஞ்சம் நிற்க வேண்டும். மாயாபந்தரிலும் ரங்கத்திலும் டிக்ளிபூரிலும் பத்து வருடம் குழந்தை பிறக்காமலா இருந்தது? பள்ளிக்கூடங்கள் நிரம்பித்தான் இருந்தன. பிறந்தவர்கள் எண்ணிக்கை செத்தவர்களைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். அப்படியும் கூட்டல் தொகை அசையவில்லை என்றால், வளர்ந்து ஆளானவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். தெற்கே ஏறிய கோட்டில் அவர்களில் ஒரு பகுதி இருக்கும். மெயின்லேண்ட் போனவர்கள் இந்தப் படத்துக்கு வெளியே இருப்பார்கள். வேலையின்மை விகிதம் இதைச் சொல்லாது, ஊரைவிட்டுப் போனவரை அந்த ஊரின் வேலையில்லாதவர் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு அஞ்சலட்டை போட்டவரின் பிள்ளைகளும் ஒருவேளை இந்த நேர்க்கோட்டுக்குள்தான் ஒளிந்திருக்கிறார்கள்.

ஆட்கள் வேலைக்காக இடம்பெயர்வதைப் பட்டை பட்டையாக வரைந்து காட்டிய முன்னோடி சார்ல் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1858ஆம் ஆண்டில் உலகெங்கும் யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று 1862இல் ஒரு படம் போட்டார். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு அகலமான பட்டை. இந்தியாவிலிருந்து மொரிஷியஸ் பக்கம் கூலிகள் போன பட்டை. அதே 1858இன் மார்ச் 10ஆம் தேதி தண்டனைக் குடியேற்றத்தின் கண்காணிப்பாளர் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு இந்தத் துறைமுகத்தில் இறங்கினார். மினாரின் அளவில் அந்த இருநூறு பேர் ஒரு மயிரிழை. ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய குடும்பக் கதை அதுபோன்ற இழைகளால் ஆனது. 1918 முதல் காட்டு வேலைக்கு வந்த ராஞ்சிக்காரர்கள், 1949 முதல் வந்த கிழக்கு வங்க அகதிகள், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த மலையகத் தமிழர்கள், 1969 முதல் கிரேட் நிகோபாரில் குடியேறிய முன்னாள் படைவீரர்கள். வருடக் கோலை நகர்த்தினால் ஒவ்வொரு இழையாகக் கடலைத் தாண்டி வந்து சேர்வதுபோல் ஒரு படம் செய்யலாம். இந்தக் கல்லூரி மாணவர்கள் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப் போவதில்லை.

கருவிகளுக்குக் காசு வேண்டாம். கியூஜிஐஎஸ் இலவசம். வலைப்பக்கத்தில் வரைபடம் ஓட்டும் லீஃப்லெட்டும் இலவசம், 2011இல் உக்ரைன்காரர் ஒருவர் எழுதி உலகுக்குக் கொடுத்தது. புள்ளியியல் அமைச்சகம் 2024இல் திறந்த இ-சாங்க்யிகி தளத்தில் எண்கள் கிடைக்கின்றன. படத்தின் எடையில் மட்டும் கவனம் வையுங்கள். சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் 2,300 கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கேபிள் வந்தது 2020 ஆகஸ்டில்தான். அதற்கு முன் இங்கே ஒரு பக்கம் திறக்க என்ன பாடு என்பது உங்களுக்குத் தெரியும். கேபிள் வந்த பிறகும் எல்லாத் தீவுக்கும் அது போகவில்லை. சென்னையில் உட்கார்ந்து கனமான படம் செய்து அனுப்புகிறவர் ஒரு மாதம் கேபிள் போகாத ஒரு தீவில் வந்து இருக்கட்டும்.

தொட்டவுடன் தோன்றும் எழுத்தையும் கவனியுங்கள். 2011 கணக்கில் இங்கே வங்காளி பேசுவோர் 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. நிகோபாரி எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆங்கிலத்தில் மட்டும் எண் காட்டும் படம் யாருக்கு?

இந்தத் தீவுகளுக்கென்றே ஒரு படம் வேண்டும் என்றால் நான் தூரத்தை மணியில் போடுவேன். ஃபீனிக்ஸ் பே ஜெட்டி டிக்கெட் கவுண்டரில் ஒருநாள் காலை நின்று பாருங்கள். ஒரு பெண், கையில் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள், தேர்வு எழுத வந்து முடித்துத் திரும்பிப் போக டிக்கெட் கேட்கிறாள். கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பேக்குக் கப்பல் என்றைக்கு என்பதை வைத்துத்தான் அவள் எத்தனை நாள் சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும் என்பது முடிவாகும். வடக்கிலிருந்து தெற்காக இந்தத் தீவுச் சங்கிலி சுமார் 780 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு உள்ளதைவிட அதிகம். காலையில் போய் வேலை செய்து இரவு வீடு திரும்பக்கூடிய வட்டம்தான் ஒருவருடைய வேலைச் சந்தை என்று பிரிட்டனில் அதற்கென்றே எல்லை வகுத்துப் படம் போடுகிறார்கள். நம் படத்தில் நான்கு மணி நேர வட்டம், பன்னிரண்டு மணி நேர வட்டம், கப்பல் இல்லாத நாள் என்று மூன்று நிறம் போட்டால், போர்ட் பிளேயரில் இருக்கும் காலியிடம் கேம்ப்பெல் பேயில் இருக்கும் பெண்ணுக்குக் காலியிடமே இல்லை என்பது புரியும்.

ஒரு எச்சரிக்கை. தொட்டுத் தொட்டு உள்ளே போகும் வசதிக்கு ஒரு வேலி வேண்டும். பத்து வீடு உள்ள குடியிருப்பில் 'வேலையில்லாதவர்: 1' என்று படம் சொன்னால், அது யார் என்று ஜெட்டியில் மீன் விற்பவருக்குக்கூடத் தெரிந்துவிடும். நகரத்தில் விவரமாக இருப்பது சின்ன ஊரில் வம்பாகிவிடும். அந்த அளவுக்குக் கீழே படம் திறக்கவே கூடாது.

முடித்துவிடுகிறேன், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பின்வரிசையில் எழுந்து நிற்கிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதினாறு வருடத்துக்குப் பிறகு வருகிறது. கணக்கு நாள் 2027 மார்ச் 1. இம்முறை தாளுக்குப் பதில் போனோடு வருவார்கள். இங்கே இருக்கும் ஆசிரியர்களில் பலருக்கு அந்த வேலை வந்து சேரும். வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுவேலைத் தொழிலாளர் என்பது 2011 வரை இருந்த வகைப்பாடு. வாசலில் நிற்கும் கணவர் "அவ வீட்டுல சும்மாதான் இருக்கா" என்பார். அந்த நேரம் முற்றத்தில் ஒரு பெண் தேங்காய் உடைத்துக் கொப்பரை காயவைத்துக்கொண்டிருப்பாள். ஆசிரியர்களே, தயவுசெய்து அவளைக் கூப்பிட்டு, வருடத்தில் எத்தனை மாதம் இந்த வேலை என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.